ரெண்டு, அப்புறம் ஒண்ணு

மேட்டுத் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே கதவுதான். கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகள். ஒரே உயரம், ஒரே ஜன்னல், ஒரே பச்சைப் பெயிண்ட். பெயிண்ட் அடித்த ஒரு வாரத்துக்குள் கரித்தூள் படிந்து அதுவும் ஒரே கறுப்பாகிவிடும். வீடுகள்தான் இப்படி என்றால் ஆட்களும் அப்படியே. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஏறி வருகிறவனை, முகம் கழுவும்வரை பெற்ற தாயாலும் அடையாளம் சொல்ல முடியாது. அசதியில் பாதித் தூக்கத்தோடு நடந்து வந்து, அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டி, அடுத்தவன் பாயில் விழுந்து குறட்டை விட்டவர்கள் அந்தத் தெருவில் உண்டு. அதனால் வந்த சண்டைகளைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதைக்கு நேரம் இருக்காது.

அதனால்தான் வீட்டுக்கு ஒரு தட்டல் என்ற ஏற்பாடு வந்தது. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. வெடி வைப்பவர் வீட்டுக்கு மூன்று தட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. சுரங்கத்துக்குள் ஆட்களைக் கூண்டில் இறக்குபவர் வீட்டுக்கு ஒன்று, நிறுத்தி ஒன்று, நிறுத்தி இன்னொன்று. மனுஷன் பேசுவதும் அப்படித்தான், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். தட்டல் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், மகன் இல்லாவிட்டால் மருமகனுக்கு. உள்ளே இருப்பவள் தட்டலைக் கேட்டுத்தான் தாழ்ப்பாளை எடுப்பாள். தட்டல் தப்பினால் கதவு திறக்காது. "உன் வீடு அந்தப் பக்கம், போ" என்று குரல் மட்டும் வரும்.

விளக்கறைக்காரியின் வீட்டுத் தட்டல், ரெண்டு, அப்புறம் ஒண்ணு. இரண்டு சேர்ந்தாற்போல விழும். ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருக்கும். பிறகு ஒன்று.

விளக்கறைக்காரி என்றால் சுரங்க வாசலில் இருக்கும் விளக்கறையில் வேலை பார்ப்பவள். இறங்குகிறவனுக்குத் தொப்பி விளக்கைக் கொடுத்து, அவனுடைய நம்பர் பொறித்த பித்தளை வில்லையை வாங்கிப் பலகையில் மாட்டுவாள். ஏறி வந்தவன் விளக்கைத் திருப்பிக் கொடுத்து வில்லையை வாங்கிக்கொண்டு போவான். பலகையில் வில்லை தொங்கினால் ஆள் உள்ளே. பலகை காலியானால் எல்லாரும் வீட்டில். அவளுடைய வேலை அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு ஷிப்டும் பலகை காலியாகும்வரை அவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட ஒழுங்காக இறங்காது.

அவள் வீட்டுக்காரர் முட்டுக்காரர். கூரை இறங்காமல் இருக்க மரத்தை நிறுத்தி முட்டுக் கொடுப்பது அவர் வேலை. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். மாமனார் வீட்டிலிருந்து அவருக்குக் கிடைத்த ஒரே சீர் அந்தத் தட்டல்தான் என்று தெருவே கேலி பேசும். அதையும் அவர் முதலில் ஒழுங்காக வாங்கிக்கொள்ளவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் கொட்டுகிற மழையில் வந்து, ஒன்று தட்டி, நிறுத்தி, இரண்டு தட்டினார். உள்ளே அவளுடைய அம்மா அசையவில்லை.

"அம்மா, அவருதாம்மா. நனையுறாரு."

"மாப்பிள்ளையா இருந்தா ஒழுங்கா தட்டட்டும்."

"குரல் கேக்குதேம்மா!"

"குரலை எவன் வேணா மாத்துவான். நீ சும்மா உக்காரு."

அவர் தலையிலிருந்து கால்வரை நனைந்து, யோசித்து யோசித்து, கடைசியில் சரியாகத் தட்டினார். கதவு திறந்தது. மாமியார் துண்டை எடுத்து நீட்டினாள். அன்றிலிருந்து அவர் ஒருநாளும் தப்பாகத் தட்டியதில்லை. தூக்கத்தில்கூடக் கட்டில் சட்டத்தில் விரல் அப்படித்தான் விழும். அதைக் கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போவாள்.

அம்மா இவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டுக்கென்று ஒரு கதை உண்டு. ஊருக்கே தெரிந்த கதை.

விளக்கறைக்காரி பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த வயதில் சுரங்கத்தில் ஒரு சரிவு. உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். மண்ணை அள்ள அள்ள மேலிருந்து இன்னும் கொட்டியது. போதும், இனிமேல் தோண்டினால் தோண்டுகிறவனும் போவான், மூடிவிடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலிலிருந்து உள்ளே போகும் காற்றுக் குழாயில் ஏதோ சத்தம் வருகிறது என்றார்கள். கல் விழுகிற சத்தம், தண்ணீர் சொட்டுகிற சத்தம் என்றார்கள். அப்போது அம்மா ஒரு கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். குழாயில் காதை வைத்தாள். எழுந்து நின்று, "ரெண்டு, அப்புறம் ஒண்ணு. எங்க வீட்டுத் தட்டல். என் புருஷன் உசுரோட இருக்காரு, தோண்டுங்க" என்றாள். குழாய் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நகர்த்திப் பார்த்தார்கள், முடியவில்லை. தோண்டினார்கள்.

உயிரோடு வந்தது ஒரே ஆள். அது அப்பா இல்லை.

வந்தவன் கொட்டகையில் இருந்தவன். கொட்டகை என்பது குடும்பம் இல்லாத வெளியூர் ஆட்கள் படுக்கும் நீளமான தகரக் கூடம். அதற்கு நிலை உண்டு, கதவு கிடையாது. கதவே இல்லாதவனுக்குத் தட்டல் ஏது? பிற்பாடு அவனைக் கேட்டபோது, "எனக்கென்ன தட்டல் இருக்கு? கை போன போக்குல தட்டினேன்" என்றான். அப்பா சரிவு விழுந்தபோதே போய்விட்டார் என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் அம்மா கேட்ட தட்டல் யாருடையது? ஊர் தானே விடை கண்டுபிடித்தது. செத்தவர் தட்டியிருக்கிறார். தான் போனாலும் பக்கத்தில் கிடக்கிறவன் பிழைக்கட்டும் என்று, தன் வீட்டுத் தட்டலையே தட்டியிருக்கிறார்.

பிழைத்தவன் இவளுக்குக் கொட்டகை மாமா ஆனான். அவர்கள் வீட்டில் கை நனைத்தான், அப்புறம் கல்யாணம் கட்டி, தெருக்கோடியில் கதவுள்ள வீட்டுக்குப் போனான். இன்றைக்கு மீட்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். சாப்பாட்டு மேஜையில் அந்தக் கதையை அம்மா பாதி சொல்வாள், மாமா பாதி சொல்வார். "ரெண்டு, அப்புறம் ஒண்ணு" என்று அம்மா நிறுத்துவாள். "கை போன போக்குல தட்டினேன்" என்று மாமா முடிப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுத்தான் விளக்கறைக்காரி வளர்ந்தாள். ஒருநாளும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்ததில்லை. பழகிய கதையை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

அந்தக் கதையிலிருந்து ஊர் இன்னொன்றையும் கற்றுக்கொண்டது. குழாயில் சத்தம் வந்தால் வீட்டுத் தட்டல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் மனுஷன். இல்லையென்றால் கல். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பாதி சரியாக இருக்கிற விஷயத்தில்தான் ஊர் முழுசாக ஏமாறும்.

அன்றைக்குக் காலை ஷிப்டு. சங்கு நேரமில்லாத நேரத்தில் ஊதியது. உள்ளே கூரை சரிந்திருந்தது. விளக்கறைக்காரி துடைத்துக்கொண்டிருந்த விளக்கை அப்படியே மேஜையில் வைத்தாள். கூண்டு மேலே வரும், கீழே போகும். ஆட்கள் இருமிக்கொண்டு வந்து விளக்கைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வில்லையாக எடுத்துக் கொடுத்தாள். கேட்டவனுக்கெல்லாம் பதில் சொன்னாள். பலகை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் இரண்டு வில்லை மிச்சம். ஒன்று அவள் வீட்டுக்காரருடையது.

இன்னொன்று புதுசுவுடையது. புதுசு என்றால் பெயரல்ல, ஆனால் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கரி அள்ளுகிறவன், முப்பது வயதிருக்கும், கொட்டகையில் இருந்தான். அவன் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்த ஊரில் தாத்தா காலத்தில் வந்தவனே இன்னும் புதுசுதான், இவன் எந்த மூலைக்கு? அதிகம் பேச மாட்டான். விளக்கை வாங்கும்போது மட்டும், "நல்லா எரியுமாக்கா?" என்று தினமும் கேட்பான். "எரியாம போனா வந்து கேளு" என்று அவளும் தினமும் சொல்வாள். காலையிலும் சொல்லியிருந்தாள்.

மத்தியானத்துக்குள் மீட்புக் குழு இரண்டு தடவை இறங்கி ஏறியது. இரண்டாவது தடவை கூரை மறுபடி இறங்கி ஒருத்தனுக்குத் தோள் போயிற்று. தெருவே வாசலில் வந்து நின்றது. மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. முந்தின மேனேஜரைப் போல கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர் இல்லை. ஆனால் நல்ல மனுஷனும் பயப்படுவான்.

"இங்க பாரும்மா," என்றார் அவளிடம், "ரெண்டு பேரை எடுக்கப் போய் மத்தவங்களையும் பலி குடுக்க முடியாது. உள்ள யாராவது இருக்காங்கன்னு நிச்சயமாத் தெரிஞ்சா வேற விஷயம்."

"குழாய்ல கேட்டீங்களா?"

"கேட்டோம். ஏதோ சத்தம் வருது. கல்லா ஆளான்னு தெரியல."

கொட்டகை மாமா பக்கத்தில் நின்றிருந்தார். முகமெல்லாம் கரி, கண் மட்டும் சிவப்பு. அவரும் குழாயில் கேட்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"நான் கேக்குறேன்," என்றாள் அவள்.

கூட்டம் வழிவிட்டது. எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும் அல்லவா. அந்த வீட்டுப் பெண் குழாய்க்குப் போகிறாள் என்றதும் பேச்சு அடங்கியது. எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடி, கேளு, அவரு தட்டுவாரு" என்றாள். சத்தம் கேட்பதற்காகக் காற்று அனுப்பும் இயந்திரத்தைக் கொஞ்ச நேரம்தான் நிறுத்தலாம். அது நின்றால் உள்ளே காற்றும் நிற்கும். மாமா கை காட்டினார். இயந்திரம் நின்றது.

அவள் மண்டியிட்டுக் காதைக் குழாயில் வைத்தாள். இரும்பு சில்லென்று இருந்தது. முதலில் அவளுடைய நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. பிறகு, எங்கோ அடியில், ஒரு சத்தம். ஒன்று. ரொம்ப நேரம் கழித்து மூன்று, அவசரமாக. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒன்று, இன்னொன்று, தேய்ந்துபோய் இன்னொன்று.

கல் இப்படி விழாது. அது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. கல்லுக்கு அவசரம் கிடையாது. இது ஒரு கை. களைத்துப்போய், பயந்துபோய், எதைத் தட்டுவது என்று தெரியாமல் தட்டுகிற கை.

அது அவர் கை இல்லை.

அவள் இன்னும் அழுத்திக் காதை வைத்தாள். வலித்தது. "தட்டுங்க, தட்டுங்க" என்று வாய்க்குள் சொன்னாள். இரண்டு விழுந்தது, சேர்ந்தாற்போல. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மூச்சு விடும் நேரம். ஒன்று வரவில்லை. அதற்கப்புறம் நான்கைந்து, தாறுமாறாக, யாரோ கல்லைப் போட்டு இடிக்கிற மாதிரி.

அவருக்கு விரல் அசைந்தால்கூடப் போதும், அது அந்தத் தட்டலைத்தான் தட்டும். தூக்கத்திலேயே தட்டுகிற விரல். அது தட்டவில்லையென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கத்த வேண்டும் போல இருந்தது. இரும்பில் நெற்றியை முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இப்போது எழுந்து "அவரு இல்லை" என்று உண்மையைச் சொன்னால் யாரும் அவளைக் குற்றம் சொல்லப்போவதில்லை. வீட்டுத் தட்டல் இல்லையென்றால் கல் என்று ஊரே தலையசைக்கும். மேனேஜர் தொப்பியை மாட்டிக்கொள்வார். வாசலை மூடுவார்கள். உள்ளே அந்தக் கை தட்டிக்கொண்டே இருக்கும். அவனுக்காக அந்தக் கூட்டத்தில் நிற்க ஒரு ஜீவன் இல்லை. தட்டலே இல்லாதவன்.

கை போன போக்குல தட்டினேன்.

குழாயில் காதை வைத்தபடியே அவளுக்கு அது பொருந்தியது. இத்தனை வருஷம் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த இரண்டு துண்டு. செத்தவர் யாரும் தட்டவில்லை. அம்மா இதே இடத்தில் மண்டியிட்டாள், இதே மாதிரி ஒரு கையைக் கேட்டாள், அது தன் புருஷன் இல்லை என்று தெரிந்தது. தெரிந்துதான் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். கொட்டகை ஆளைத் தூக்கி வந்து முகத்தைக் கழுவியபோது அம்மா அலறவே இல்லையாம். கம்பளியை அவன்மேல் போர்த்தி, "இவனுக்குத் தண்ணி குடுங்க" என்றாளாம். கல்நெஞ்சுக்காரி என்று தெரு ரொம்ப நாள் பேசியது. அவள் அழுது முடித்திருந்தாள், குழாயில் காதை வைத்திருந்தபோதே.

விளக்கறைக்காரி எழுந்தாள். முழங்காலில் ஒட்டிய கரியைத் தட்டிவிட்டாள். எல்லாக் கண்ணும் அவள் வாயில் இருந்தது.

"ரெண்டு, அப்புறம் ஒண்ணு," என்றாள். "எங்க வீட்டுக்காரருதான். தோண்டுங்க."

கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது, அழுகையும் சிரிப்புமாக. மேனேஜர் மாமாவைப் பார்த்தார். "நீங்களும் கேட்டீங்களே. உங்களுக்கு அப்படிக் கேட்டுச்சா?"

கொட்டகை மாமாவுக்கு அந்த வீட்டுத் தட்டல் தெரியும். எத்தனையோ நாள் சாப்பிடும்போது, வெளியே அதைக் கேட்டு, அவரே எழுந்துபோய் முட்டுக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். குழாயில் வருவது அது இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் விளக்கறைக்காரியின் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய முகம் மாறியது. தன்னை யார் வெளியே எடுத்தது என்று அந்த நிமிஷம்தான் அந்த மனுஷனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"ஆமா சார்," என்றார். "அதே தட்டல்தான். எனக்கும் கேட்டுச்சு. நான் இறங்குறேன்."

"மாமா," என்றாள் அவள்.

"நீ சும்மா இரு பாப்பா. எனக்கு இது கடன்."

அவர் இறங்கினார். அவர் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். ஊரும் பேரும் தெரியாதவனுக்காக இறங்கியிருப்பார்களா என்று கேட்டால், சிலர் இறங்கியிருப்பார்கள், சிலர் மாட்டார்கள். நானும் நீங்களும் எந்தப் பக்கம் நின்றிருப்போம் என்று சத்தியம் பண்ண முடியாது. முட்டுக்காரருக்காக எல்லாரும் இறங்கினார்கள். அவர்கள் தலைக்குமேல் முட்டு வைத்தவர் அல்லவா.

பொய் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. அந்தப் பொய்க்கு வந்த ஆறுதலை வாங்கிக்கொள்வதுதான் முடியவில்லை. தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். "நீ குடுத்து வச்சவடி" என்றார்கள். எதிர்வீட்டுக்காரி டீ கொண்டுவந்து ஊட்டாத குறையாகக் குடிக்க வைத்தாள். "வந்ததும் நல்லா திட்டு மனுஷனை, இப்படியா பயமுறுத்துறது" என்றாள். விளக்கறைக்காரி தலையை ஆட்டினாள். இருட்டும்வரையும் இருட்டியபின்னும் அவள் பலகைக்கு எதிரில் உட்கார்ந்து அந்த இரண்டு வில்லையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நப்பாசை யாரை விட்டது? மயங்கிக் கிடக்கலாம், கை மாட்டியிருக்கலாம், மூச்சு மட்டும் இருக்கலாம் என்று நினைத்தாள். நினைத்து, அந்த நினைப்பைக் கையாலேயே நெரித்தாள், மறுபடி நினைத்தாள்.

மறுநாள் வெயில் ஏறியபிறகு கூண்டு மேலே வந்தது. முதலில் இறக்கியது ஒரு ஆளை, உயிரோடு. ஒரு கால் வளைந்திருந்தது. முகமெல்லாம் கரி. யார் என்று யாருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு, "வந்துட்டாருடி, உன் வீட்டுக்காரரு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். ஒரு துடைப்பு துடைத்தாள். துணி அப்படியே நின்றது.

புதுசு கண்ணைத் திறந்து வெளிச்சம் தாங்காமல் மூடிக்கொண்டான்.

விளக்கறைக்காரி போனாள். தன்னுடைய சால்வையை எடுத்து அவன்மேல் போர்த்தினாள். "தண்ணி குடுங்க," என்றாள். சொன்னபிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

"அக்கா," என்றான் அவன், உதடு பிரியாமல். "அண்ணன் அப்பவே போயிட்டாருக்கா. என்னைத் தள்ளிவிட்டாரு, அவரு மேல விழுந்துடுச்சு. எனக்கு எப்படித் தட்டணும்னு தெரியல. கை போன போக்குல தட்டினேன்."

சுற்றி நின்றவர்களுக்கு அது கேட்டது. பிறகு கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு கிழவர் மெதுவாகச் சொன்னார்: "அப்போ அந்தத் தட்டல்? அவரு மாமனார் மாதிரியே..." அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையில்லாமல் ஒருத்தர் காதிலிருந்து இன்னொருத்தர் காதுக்கு அது போயிற்று. அவள் கண் முன்னாலேயே கதை எழுந்து நடக்க ஆரம்பித்தது.

அடுத்த கூண்டில் மாமா அவரைக் கொண்டுவந்தார். தன் சட்டையால் முகத்தை மூடியிருந்தார். "அவரு கஷ்டப்படல பாப்பா," என்றார். "ஒரு நிமிஷம்கூட கஷ்டப்படல." இதுவும் குழாயில் கேட்ட தட்டல் மாதிரிப் பேச்சுதானா என்று அவள் கேட்கவில்லை. சட்டையை விலக்கி அவர் முகத்தைத் தானே துடைத்தாள். அப்போதுதான், அத்தனை பேர் முன்னால், வாய்விட்டு அழுதாள். அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரும் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்ல வழியில்லாமல் அழுதாள்.

பிறகு அவள் விளக்கறைக்குப் போய், மிச்சமிருந்த இரண்டு வில்லையையும் எடுத்தாள். ஒன்றைப் புதுசுவின் கையில் வைத்து மூடினாள். மற்றதை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவரைக் கொண்டுவருவதற்கு முன்னால் வீட்டில் சொல்ல வேண்டும். அம்மா வாசலுக்கு வந்திருக்கவில்லை. அப்பா போன நாளிலிருந்தே அம்மா சுரங்க வாசலை மிதிப்பதில்லை. பேத்தியைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தாள்.

கதவு சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. விளக்கறைக்காரி கையை ஓங்கினாள். அப்படியே நின்றாள். வீட்டுத் தட்டலைத் தட்டினால் உள்ளே அவர்தான் வந்துவிட்டார் என்று குழந்தை ஓடிவரும். அதை அவளால் செய்ய முடியவில்லை. உள்ளங்கையால் கதவில் அடித்தாள். ஒன்று. நிறுத்தாமல் மூன்று. பிறகு கை தளர்ந்து ஒன்று, தேய்ந்துபோய் இன்னொன்று.

தப்பான தட்டலுக்கு ஒருநாளும் திறக்காத அம்மா, கதவைத் திறந்தாள்.

மகளின் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளை போல நினைத்திருந்த மருமகன்; அவளுடைய கை நிலையைப் பிடித்துக்கொண்டது, விரல் வெளுத்துப் போகும் அளவுக்குப் பிடித்துக்கொண்டது.

"குழாய்ல இப்படித்தான் கேட்டுச்சா?"

"ஆமாம்மா."

"நீ என்ன சொன்ன?"

"நீ சொன்னதையேதான் சொன்னேன்."

அம்மா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். "எனக்கும் இப்படித்தான் கேட்டுச்சு," என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு மகளைப் பிடித்து உள்ளே இழுத்து, தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "பொழைச்சானா அவன்?"

"பொழைச்சுட்டான்."

"சரி. சரிடி. அழு. இப்போ அழு."

இரண்டு பேரும் அழுதார்கள். அப்பாவுக்கும் சேர்த்து அழுதார்களோ என்னவோ. பின்னால், பக்கத்து வீட்டிலிருந்து கொல்லை வழியாக ஓடிவந்த குழந்தை அறை வாசலில் நின்றிருந்தது. அதற்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்தத் தெருவில் கூண்டு மேலே வருவதற்கு முன்னால் சேதி ஜன்னல் வழியாக வந்துவிடும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, அந்தப் புதுசு மாமாவைக் காப்பாத்தச் சொல்லி அப்பாதான் குழாய்ல தட்டினாராம். பக்கத்து வீட்ல எல்லாரும் சொல்றாங்க. நிஜமாம்மா?"

விளக்கறைக்காரி அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவளிடமிருந்து எந்த உதவியும் வராது என்று தெரிந்தது. அன்றைக்கு எடுத்த முடிவை அம்மா தனியாகத்தான் எடுத்தாள். இதை இவள்தான் எடுக்க வேண்டும்.

புதுசுவை அவர் தள்ளிவிட்டது நிஜம். அவர் கை கடைசியாகச் செய்தது அதுதான்.

"ஆமா கண்ணு," என்றாள். "அப்பாதான்."

"எப்படித் தட்டினாரு?"

அவள் குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கதவு நிலையில் விரலை மடக்கித் தட்டினாள். இரண்டு, சேர்ந்தாற்போல. ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருந்தாள். குழந்தையும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. கடைசி ஒன்றுக்கு அவள் கை எழும்ப மறுத்தது. ஆனாலும் தட்டினாள்.